2,40,000 கிலோமீட்டர் ஓடிய எஸ்யூவி மலிவாகக் கிடைக்கிறது: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 13 ஆண்டுகள் பழைய டீசல் எஸ்யூவி ஒன்று எனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் விற்பனைக்கு வந்திருக்கிறது. ஓடோமீட்டர் 2,40,000 கிலோமீட்டர் காட்டுகிறது. ஏழு இருக்கைகள், தனிச் சேஸிஸின் (வண்டியைத் தாங்கும் அடி இரும்புச் சட்டம்) மேல் பாடி பொருத்தப்பட்ட வகை, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் ஃபோர் வீல் டிரைவ். இதே அளவிலான புதிய வண்டியின் விலையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் கேட்கிறார்கள்.

விற்பவர் இரண்டாவது உரிமையாளர். முதல் 1,50,000 கிலோமீட்டர் வரையிலான சர்வீஸ் பதிவுகள் முழுமையாக உள்ளன. அதன் பிறகு வெளிப் பட்டறைகளில் எஞ்சின் ஆயில் மாற்றியதற்கான சில ரசீதுகள் மட்டுமே இருக்கின்றன. பெயின்ட் பளிச்சென்று இருக்கிறது, இருக்கைகளும் கிழியவில்லை.

எங்கள் வீட்டில் ஆறு பேர், பெற்றோர் வயதானவர்கள். மாதத்தில் ஓரிரு முறை நீண்ட பயணம் போகிறோம், அதன் கடைசிப் பகுதி கற்கள் பெயர்ந்த மண் சாலை. அன்றாட ஓட்டத்துக்கு வேறு சிறிய கார் உண்டு. கடன் வாங்காமல் கையில் உள்ள தொகைக்குள் முடிக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருப்பது ஒன்றே இந்த வண்டியை ஒதுக்கிவிடப் போதுமான காரணமா? ஒதுக்க வேண்டாம் என்றால், எதையெல்லாம் பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டும்? வாங்கிய பின் செலவுக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


திருப்புளி எழுதியது:

நண்பரே, பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2,40,000 என்ற எண்ணைப் பார்த்து நான் பயப்படவில்லை; 1,50,000-க்கும் 2,40,000-க்கும் இடையில் பதிவு இல்லாமல் கிடக்கும் 90,000 கிலோமீட்டர்தான் என்னை யோசிக்க வைக்கிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில், சூடேறிய எஞ்சினோடு ஓடிய இரண்டு லட்சம் கிலோமீட்டர், நகர நெரிசலில் நின்று நின்று ஓடிய எண்பதாயிரத்தைவிட எஞ்சினுக்குக் குறைந்த தேய்மானத்தைத் தந்திருக்கலாம். பெரிய டீசல் எஞ்சின்கள் முறையாகப் பராமரிக்கப்பட்டால் நான்கு லட்சத்தைத் தாண்டுவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தப் பராமரிப்பு எந்த இடத்தில் நின்றுபோனது என்பதை ஓடோமீட்டர் சொல்லாது.

இந்தக் கட்டத்தில் ஒரு வண்டி விற்பனைக்கு வருவதற்கு ஒரு பொதுவான காரணம் உண்டு. டைமிங் பெல்ட் (பிஸ்டன்களோடு வால்வுகளை ஒத்திசைத்து இயக்கும் பெல்ட்), வாட்டர் பம்ப், ஷாக் அப்சார்பர்கள், சஸ்பென்ஷன் புஷ்கள், இன்ஜெக்டர்கள், குளோ பிளக்குகள், ரேடியேட்டர் ஹோஸ்கள் என நீண்ட ஆயுள் உள்ள பாகங்கள் பலவும் இரண்டு லட்சத்துக்கும் இரண்டரை லட்சத்துக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரே காலத்தில் தவணைக்கு வருகின்றன. உரிமையாளர் மதிப்பீடு கேட்கிறார். தொகையைப் பார்த்ததும் விற்றுவிடுவது என்று முடிவு செய்கிறார். அவர் செய்யாமல் விட்ட செலவையும் சேர்த்துத்தான் அடுத்தவர் வாங்குகிறார். ஆகவே கேட்கும் விலையை மட்டும் விலையாகக் கொள்ளாமல், அடுத்த 40,000 கிலோமீட்டருக்குள் எந்தெந்த வேலைகள் கட்டாயம் வரும் என்று பட்டியலிட்டு, அந்தத் தொகையையும் சேர்த்து விலையாகக் கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி விடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, பிடித்ததும் செயின் உரசுவது போன்ற சத்தம் வருகிறதா, முதல் அரை நிமிடம் நடுங்குகிறதா என்பவை முக்கியம். சூடேறிய பிறகு இவற்றில் பல மறைந்துவிடும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடேறிய பின்னும் அடர்ந்த வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், எரிகிறது. சிலிண்டர் ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) அல்லது அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம் கொள்ளலாம். கரும்புகை என்றால் எரிபொருள் அதிகம் போகிறது அல்லது காற்று குறைவாகப் போகிறது. இன்ஜெக்டர், டர்போ ஹோஸ், ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு) என்று தேட வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். இலேசான காற்றுத் துடிப்பு இயல்பானது. மூடி தூக்கி எறியப்படும் அளவுக்குப் புகையோடு காற்று வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. மூடியின் அடியில் தயிர் நிறத்தில் படிவு இருந்தால் ஆயிலில் ஈரம் கலந்திருக்கிறது. குறுகிய ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டியில் இது சிறிதளவு வருவதுண்டு என்பதால், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்தால்தான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.


அச்சாணி எழுதியது:

இதே வகை வண்டியை, இதைவிட அதிகம் ஓடிய நிலையில், இன்றும் வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவன் நான். எனவே வாங்கலாம் என்ற பக்கம் சாய்வேன். அதற்குரிய நிபந்தனையையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாங்கும் விலை குறைந்துவிட்டது என்பதால் பாகங்களின் விலை குறைவதில்லை. இரண்டு டன் எடையுள்ள வண்டிக்கு உரிய பிரேக் டிஸ்க், அந்த அளவுக்குரிய டயர், அந்த எஞ்சினுக்குரிய ஆயில் கொள்ளளவு எல்லாம் வண்டி புதிதாக இருந்தபோது எப்படியோ அப்படித்தான் இன்றும். யானையைக் கட்டித் தீனி போடுவது போன்ற காரியம் இது. யானை மலிவாகக் கிடைத்ததால் தீனியும் மலிவாகிவிடாது. இதைத் தெரிந்து வாங்குபவர்கள் நிம்மதியாக ஓட்டுகிறார்கள். தெரியாமல் வாங்குபவர்கள் ஓராண்டுக்குள் பாதிப் பழுதோடு விற்கிறார்கள். அப்படி விற்கப்பட்ட வண்டிகளில் ஒன்றைத்தான் நீங்கள் பார்க்கிறீர்களோ என்னவோ, அதை முதலில் கண்டறியுங்கள்.

வாங்கிய முதல் மாதத்தில் எந்தக் கேள்வியும் இல்லாமல் செய்ய வேண்டியவை: எஞ்சின் ஆயிலும் எல்லா ஃபில்டர்களும், கூலன்ட், பிரேக் திரவம், கியர்பாக்ஸ் திரவம், முன் பின் டிஃபரன்ஷியல்கள் (அச்சின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரப் பெட்டிகள்), டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி). விற்பவர் மாற்றியிருக்கிறேன் என்று சொன்னாலும் ரசீது இல்லையெனில் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸையும் பின் டிஃபரன்ஷியலையும் பலரும் மறந்தே போகிறார்கள். அவற்றில் இருக்கும் ஆயிலுக்கும் ஆயுள் உண்டு.

எடுத்து வைக்க வேண்டிய தொகை குறித்துக் கேட்டிருந்தீர்கள். என் கணிப்பில், இந்த வயதுள்ள எஸ்யூவிக்கு வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு தனியாக இருக்க வேண்டும். கையில் உள்ள தொகை முழுவதையும் விலையாகவே கொடுக்க வேண்டியிருந்தால், இந்த வண்டி உங்கள் தகுதிக்கு மேற்பட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.


எண்சுவடி எழுதியது:

மேலே எழுதிய இருவரும் எப்படி வாங்குவது என்று சொல்லிவிட்டார்கள். ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வியை நான் கேட்க விரும்புகிறேன்.

மாதத்தில் ஓரிரு பயணத்துக்காக, நடுத்தரக் காரைவிட அதிக எரிபொருள் குடிக்கும், காப்பீடும் டயரும் அதிகமாகக் கேட்கும் வண்டி ஒன்று ஆண்டு முழுவதும் வாசலில் நிற்கப்போகிறது. அந்த நாட்களில் மட்டும் ஓட்டுநரோடு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்தால் ஆண்டுக்கு என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்தீர்களா? இல்லையென்றால், இதே தொகைக்கு இதில் பாதி ஓடிய சாதாரண மூன்று வரிசைக் கார் கிடைக்கிறதா என்று தேடினீர்களா?

இரண்டாவதாகப் பாதுகாப்பு. உயரமான வண்டியில் புவியீர்ப்பு மையமும் உயரத்தில் இருப்பதால், வேகமாகத் திருப்பும்போது கவிழும் வாய்ப்பு சாதாரணக் காரைவிட அதிகம். இதைப் பெருமளவு குறைத்தது மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, அதாவது ஈஎஸ்சி. அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டு முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதிய கார்களுக்கும் 2014 நவம்பர் முதலும் இது கட்டாயம் ஆக்கப்பட்டது. மற்றச் சந்தைகளில் அந்தக் காலத்து எஸ்யூவிகள் பலவற்றில், அதுவும் குறைந்த விலைப் பதிப்புகளில், இது இல்லை. வயதான பெற்றோரை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி என்று நீங்களே சொல்கிறீர்கள். மூன்றாவது வரிசையில் அமர்பவருக்கு மூன்று புள்ளி சீட் பெல்ட் இருக்கிறதா? பக்கவாட்டு ஏர்பேக் அந்த வரிசை வரை வருகிறதா? எஞ்சினைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு இதைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் கருத்து.


நெடுவழி எழுதியது:

எண்சுவடி அவர்களே, நியாயமான கேள்விகள். வாடகைக் கணக்கை எழுதிப் பார்த்தேன். செலவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அப்பாவுக்குத் திடீரென்று உடல்நிலை சரியில்லாமல் போகும் நேரங்களில் வாடகை வண்டிக்காகக் காத்திருக்க முடிவதில்லை. மூன்று வரிசைச் சாதாரணக் கார்களையும் பார்த்தோம். ஆறு பேர் ஏறினால் அந்த மண் சாலையில் அடி தட்டுகிறது. எனவே உயரமான வண்டி எங்களுக்குத் தேவை என்பதில் நானும் மனைவியும் ஒரே முடிவில் இருக்கிறோம்.

இந்த வண்டியில் ஈஎஸ்சி இருக்கிறது. முன் இருக்கைகளுக்கு ஏர்பேக்குகள் உண்டு. மூன்றாவது வரிசையின் சீட் பெல்ட்டை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஓடோமீட்டரைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால் கண்டுபிடிக்க வழி உண்டா?


மின்தடம் எழுதியது:

வாகன மின்னணுப் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

கிலோமீட்டர் எண்ணிக்கை மீட்டர் பெட்டியில் மட்டும் பதிவாவதில்லை. வண்டியைப் பொறுத்து எஞ்சின் கணினி, கியர்பாக்ஸ் கணினி, ஏபிஎஸ் கணினி, சில வண்டிகளில் சாவியிலும்கூட அது பதிவாகியிருக்கும். மீட்டரை மட்டும் திருத்துபவர்கள் மற்றவற்றை விட்டுவிடுவதுண்டு. அந்தத் தயாரிப்புக்கே உரிய ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொண்டுபோனால் இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதைவிட எளிய சான்று கண்ணெதிரே இருக்கிறது: பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானம், ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க விளிம்பு, ஸ்டியரிங்கின் மேற்பரப்பு, ஏறி இறங்கும் படியின் உராய்வு. வண்டிக்கு 13 வயதாகியும் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பழைய ரசீதுகளில் தேதியோடு கிலோமீட்டரும் எழுதியிருக்கும். அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எண் எங்காவது பின்னோக்கிப் போயிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது, பலருக்கும் தெரியாத ஒன்று. ஸ்கேனரைச் செருகியதும் பிழைக் குறியீடுகள் (பழுதைக் கண்டால் வண்டியின் கணினி பதிந்து வைப்பவை) எதுவும் இல்லை என்று காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். வண்டியைக் காட்டும் அன்று காலையில் அவற்றை அழித்துவிடுவது ஒரு நிமிட வேலை. ஆனால் ஓபிடி-2 என்ற பொதுவான கணினிச் சோதனைத் தரத்தில் உள்ள பெரும்பாலான வண்டிகள், குறியீடுகளை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனை முறை எஞ்சின் சூடேறியிருக்கிறது என்பதையும் தனியாகக் கணக்கு வைத்திருக்கின்றன. விலை குறைந்த புளூடூத் ஸ்கேனரும் கைபேசிச் செயலியும் போதும், அந்த எண்ணைப் படித்துவிடலாம். அதோடு, வண்டியின் கணினி தானே செய்யும் தன்சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பக்கத்தையும் பாருங்கள். பல சோதனைகள் முடியவில்லை என்று இருந்தால் அண்மையில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

சாவியைப் போட்டு, எஞ்சினைக் கிளப்பாமல், எச்சரிக்கை விளக்குகளைப் பாருங்கள். எஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக், ஆயில் அழுத்தம், பேட்டரி ஆகிய விளக்குகள் ஒவ்வொன்றும் முதலில் எரிய வேண்டும்; ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் சில நொடிகளிலும், மற்றவை எஞ்சினைக் கிளப்பியதும் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், அல்லது மேலே ஒட்டி மறைத்திருக்கலாம். ஏர்பேக் விளக்கில் இந்த வேலை அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் வெடித்த ஏர்பேக்கை மாற்ற மிகவும் செலவாகும்.

பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் எண்ணை வைத்து, தயாரிப்பாளரின் இணையதளத்தில் இந்த வண்டிக்கு முடிக்கப்படாத திரும்ப அழைப்பு (குறையுள்ள பாகத்தை மாற்றித் தர நிறுவனமே வண்டியை அழைப்பது) ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். டக்காட்டா நிறுவனத்தின் ஏர்பேக் ஊதுகருவிகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. அதற்காக உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் காலத்து வண்டிகளில் இன்னும் மாற்றப்படாதவை உண்டு. மாற்றித் தருவதற்குக் கட்டணம் இல்லை.


திருப்புளி எழுதியது:

மின்தடம் சொன்னதோடு மூன்றைச் சேர்க்கிறேன்.

முதலாவது சேஸிஸ். எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சேஸிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் வண்டியே முடிந்தது. நல்ல பெயர் எடுத்த நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. டகோமா, டண்ட்ரா, செகோயா வண்டிகளின் சேஸிஸ் துரு தொடர்பாக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்குகளில் 2016-இல் டொயோட்டா பெரும் இழப்பீட்டு உடன்பாட்டுக்கு வந்தது. பல வண்டிகளுக்குச் சேஸிஸையே மாற்றித் தர நேர்ந்தது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின் அச்சுக்கு மேலே வளையும் பகுதியையும், சஸ்பென்ஷன் கைகள் பொருத்தப்படும் இடங்களையும், கடைசிக் குறுக்குச் சட்டத்தையும் சிறு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். உறுதியான இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். அடிப்பக்கம் முழுவதும் புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தால் அதைப் பராமரிப்பு என்று எடுத்துக்கொள்ளாமல் சுரண்டிப் பாருங்கள்.

இரண்டாவது டைமிங் பெல்ட். இந்த எஞ்சினில் பெல்ட்டா செயினா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் மாற்றும் இடைவெளி பொதுவாக 1,00,000 முதல் 1,60,000 கிலோமீட்டர் வரை. ஆண்டுக் கணக்கும் தனியாக உண்டு. டீசல் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதும்; அதோடு சிலிண்டர் ஹெட் வேலை முழுதாக வந்து சேரும். மாற்றியதற்குச் சான்று இல்லையெனில், வாங்கி வீட்டுக்கு வரும் வழியிலேயே பட்டறையில் விடுங்கள். செயின் என்றால் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். ஆயில் நேரத்துக்கு மாற்றாத எஞ்சினில் செயினும் நீளும், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் தளரும்.

மூன்றாவது கியர்பாக்ஸ். திரவம் சிவந்து தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் கூலன்ட் கலந்துவிட்டது. ரேடியேட்டருக்குள்ளேயே கியர்பாக்ஸ் குளிரூட்டியும் இருக்கும் வண்டிகளில் இது நேரும். 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர் இதற்குப் பெயர் போனது. அந்தக் கலவையோடு ஓடிய கியர்பாக்ஸை நம்ப முடியாது. ஓட்டும்போது இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறுவது வழுக்குகிறதா, ரிவர்ஸ் போட்டதும் ஓரிரு நொடி தாமதித்து இடிக்கிறதா என்று கவனியுங்கள்.

ஃபோர் வீல் டிரைவை மண் தரையில் போட்டுப் பாருங்கள். காய்ந்த தார்ச் சாலையில் போட்டுத் திருப்பினால், முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல முடியாமல் பல்சக்கரங்கள் இறுகிவிடும்.


தார்ச்சாலை எழுதியது:

டயர்களையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. நான்கும் ஒரே நிறுவனம், ஒரே அளவு, ஒரே தேய்மானமா என்பது ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இரட்டிப்பு முக்கியம். சுற்றளவு மாறினால் சுமை டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் விழுகிறது. உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட் அல்லது வளைந்த சஸ்பென்ஷன் கை என்று பொருள்.


நெடுவழி எழுதியது:

இன்று காலை வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் அனைவரும் சொன்னவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றது பெரிதும் உதவியது.

எஞ்சின் குளிர்ந்திருந்தது. உடனே பிடித்தது; உரசல் சத்தம் இல்லை. கிளப்பியதும் இலேசான நீலச் சாயல் தெரிந்து ஒரு நிமிடத்துக்குள் மறைந்துவிட்டது. ஆயில் மூடியைத் தளர்த்தியபோது காற்று மென்மையாகவே வந்தது. கூலன்ட் தெளிவாக இருந்தது. ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து அணைந்தன. சீட் பெல்ட்டுகள் மூன்றாவது வரிசையிலும் மூன்று புள்ளி வகைதான். முழுவதும் இழுத்துப் பார்த்தேன், சேற்றுக் கறையோ ஈர வாடையோ இல்லை. ரசீதுகளில் கிலோமீட்டர் வரிசையாகவே ஏறுகிறது. சேஸிஸ் எண்ணுக்கு நிலுவையில் திரும்ப அழைப்பு எதுவும் இல்லை.

கவலை தருபவை: குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தொலைவு 38 கிலோமீட்டர் என்று செயலி காட்டியது. காரணம் கேட்டபோது, பேட்டரி மாற்றினோம் என்றார். பேட்டரியின் மீதுள்ள தேதி இரண்டு ஆண்டுகள் பழையது. கியர்பாக்ஸ் திரவம் அடர்ந்த பழுப்பு, ஆனால் தீய்ந்த வாடை இல்லை. கியர் மாறுவது சீராகவே இருந்தது. எஞ்சினில் இருப்பது பெல்ட்தான். 1,40,000-இல் மாற்றியதற்குப் பதிவு இருக்கிறது, அதன் பிறகு 1,00,000 கிலோமீட்டரும் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளும் ஆகிவிட்டன. முன் டயர்கள் ஒரு நிறுவனம், பின் டயர்கள் வேறு. கீழே குனிந்து பார்த்தபோது சேஸிஸின் பின்பாதி மட்டும் புதிதாகக் கறுப்பு பூசப்பட்டிருந்தது. அங்கே லிஃப்ட் இல்லை.


எண்சுவடி எழுதியது:

என்னைக் கேட்டால் இங்கேயே நிறுத்திவிடுவேன். 38 கிலோமீட்டர் என்ற எண்ணைவிடப் பேட்டரி மாற்றியதாகச் சொன்ன விளக்கம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அந்த ஒரு விஷயத்தில் சொன்னது உண்மையில்லை என்றால், சான்று இல்லாத 90,000 கிலோமீட்டரைப் பற்றி அவர் வாய்மொழியாகச் சொல்வதை எந்த அடிப்படையில் நம்புவது?


அச்சாணி எழுதியது:

இதில் நான் மாறுபடுகிறேன். விற்பவரின் நேர்மையை நாம் விலைக்கு வாங்கவில்லை. பழைய வண்டிச் சந்தையில் சொல்லப்படும் கதைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, இரும்பும் எண்ணெயும் என்ன சொல்கின்றன என்று மட்டும் பார்த்தால், இந்த எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. நீலச் சாயல் உடனே மறைந்தது வால்வு சீல் தேய்ந்ததைக் காட்டுகிறது. ஆயில் அளவை வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். பெல்ட், கியர்பாக்ஸ் திரவம், இரண்டு டயர்கள் மூன்றும் எதிர்பார்த்த செலவுகள்தான். அழித்த குறியீடு எதுவென்று கண்டுபிடிக்க, வண்டியை 150 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு மீண்டும் ஸ்கேன் செய்யக் கேளுங்கள். உண்மையான பழுது என்றால் அது திரும்ப வந்து நிற்கும்.


திருப்புளி எழுதியது:

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டும் பின்பாதியில் பூசிய கறுப்பு மைக்குப் பதில் சொல்லவில்லை. சேஸிஸ் முழுவதும் பூசியிருந்தால் கவலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வேன். பின்பாதி மட்டும் என்றால் அங்கே மறைக்க ஏதோ இருந்திருக்கிறது. பெல்ட்டையும் திரவத்தையும் கணக்குப் போடும் முன் அதைப் பாருங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுக்கும், விற்பவருக்கு அறிமுகமில்லாத பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பரிசோதனைக் கட்டணம் உங்களுடையது. பூசிய இடங்களில் சுரண்டிப் பார்க்க முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்; இல்லையெனில் அங்கே தகராறு வரும். வரும் வழியில் அவரே ஓட்டிக் கொண்டுவருவதால் கிலோமீட்டரும் ஏறும், குறியீட்டையும் மீண்டும் பார்த்துவிடலாம். பட்டறைக்குக் கொண்டுவர மறுத்தால் மேற்கொண்டு யோசிக்க எதுவும் இல்லை.


மின்தடம் எழுதியது:

பட்டறைக்கு வந்தால், ஸ்கேனரில் இன்ஜெக்டர் திருத்த அளவுகளையும் படிக்கச் சொல்லுங்கள். காமன் ரெயில் டீசலில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) ஒவ்வொரு சிலிண்டருக்கும் எஞ்சின் கணினி எவ்வளவு எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது என்பது அதில் தெரியும். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகியிருந்தால் அந்த இன்ஜெக்டரோ அந்த சிலிண்டரின் கம்ப்ரெஷனோ பலவீனமாக இருக்கிறது. டீசல் புகை வடிகட்டி இருந்தால், கழற்றி உள்ளே காலி செய்து வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். புகைச் சோதனையில் தோற்றால் பதிவு மாற்றமே சிக்கலாகும்.


நெடுவழி எழுதியது:

பட்டறைக்குக் கொண்டுவர அவர் ஒப்புக்கொண்டார். சுரண்டிப் பார்க்கவும் மறுக்கவில்லை. விற்பவரைப் பற்றி இங்கே எழுதப்பட்டதால் இதைக் குறிப்பிடுவது நியாயம் என்று நினைக்கிறேன்.

பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது அழிந்த குறியீடு திரும்பி வந்திருந்தது: ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை என்ற குறியீடு. வால்வில் கரி படிந்திருக்கிறது, கழற்றிச் சுத்தம் செய்தால் போதும் என்று மெக்கானிக் சொன்னார். இன்ஜெக்டர் அளவுகள் நான்கும் நெருக்கமாக இருந்தன. எஞ்சினைப் பொறுத்தவரை அச்சாணி அவர்கள் சொன்னது சரியாகவே இருந்தது.

சேஸிஸில்தான் முடிவு தெரிந்தது. பின் அச்சுக்கு மேலே வளையும் இடத்தில், இடது பக்கம், மையைச் சுரண்டியதும் கனத்த துரு அடுக்கடுக்காகக் கழன்று வந்தது. அதன் கீழே ஏற்கெனவே ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. வெல்டிங் ஓரத்தில் சுத்தியலால் தட்டியபோது மெக்கானிக்கின் விரல் நுனி நுழையும் அளவுக்கு இரும்பு விட்டுக்கொடுத்தது. இதைப் பார்த்து விற்பவரே அதிர்ச்சி அடைந்தார். அவர் வாங்கும்போதே இந்தத் தகடு இருந்திருக்க வேண்டும் என்றும், மை பூசியது பட்டறைக்காரர் சொன்ன யோசனை என்றும் சொன்னார். கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க முன்வந்தார். நான் நன்றி சொல்லி மறுத்துவிட்டேன்.


அச்சாணி எழுதியது:

சரியான முடிவு. வாங்கச் சொல்லி வாதாடியவன் நான்தான்; இந்தச் செய்திக்குப் பிறகு பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஏழு பேர் ஏறிய வண்டியின் எடையை அந்த வளைவுதான் தாங்குகிறது.


எண்சுவடி எழுதியது:

பரிசோதனைக்குக் கொடுத்த கட்டணம் வண்டி விலையில் எத்தனை பங்கு என்று சொல்ல முடியுமா? இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு உதவும்.


நெடுவழி எழுதியது:

நூற்றில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. அதே பட்டறையில், இதே வகை வண்டி இன்னொன்று இருப்பதாகச் சொன்னார்கள். 2,90,000 கிலோமீட்டர் ஓடியது, ஒரே உரிமையாளர், கடைசி வரை எல்லா ரசீதுகளும் உள்ளனவாம். விலை இதைவிடக் கொஞ்சம் கூடுதல். கிலோமீட்டர் இன்னும் அதிகமாக இருப்பதால் தயங்குகிறேன்.


திருப்புளி எழுதியது:

தயங்க வேண்டாம், போய்ப் பாருங்கள். முதலில் லிஃப்டில் ஏற்றுங்கள். சேஸிஸ் சரியாக இருந்தால் மட்டும் பானெட்டைத் திறவுங்கள். ரசீதுகளில் பெல்ட்டை இரண்டாம் முறை எந்தக் கிலோமீட்டரில் மாற்றினார்கள், கியர்பாக்ஸ் திரவத்தை எத்தனை முறை மாற்றினார்கள் என்ற இரண்டையும் குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுங்கள்.